மடியில் ஒரு டிஸ்க்கு

ஏ தாயி, பாத்து பாத்து! அந்த மஞ்சப் பை மேல உன் பைய வச்சிராத. எடு, எடு. அந்த மஞ்சப் பைய இங்கிட்டுக் குடு, நான் மடியில வச்சிக்கிறேன். முட்டையான்னா கேக்குற? முட்டையா இருந்தா நான் ஏன் பதறப் போறேன், ஒடஞ்சா ஆம்லெட் போட்டுட்டுப் போறேன். இது ஒடஞ்சுதுன்னா சிவகாசியில பாதிக் குடும்பத்தோட கல்யாணம் காட்சி அம்புட்டும் போயிரும். டிஸ்க்கு தாயி. கம்ப்யூட்டர் டிஸ்க்கு. துண்டுல சுத்தி, அதுக்கு மேல எங்க வீட்டுக்காரரோட பழைய வேட்டியச் சுத்திக் கொண்டு போறேன். குலுங்கக் கூடாதாம். இந்த பஸ்ஸுல வந்து குலுங்கக் கூடாதுன்னா நடக்குற காரியமா?

நீ எங்க எறங்கணும்? கோவில்பட்டியா? நானும் அங்கதான். மருமக வீட்டுக்கு. மருமக வீடுன்னா அவ அம்மா வீடு. அது ஒரு கத. கேட்டீன்னா நீயே சொல்லுவ, இந்தத் தங்கபுஷ்பத்துக்கு இருக்குற பொறுமை எந்த மாமியாளுக்கும் வராதுன்னு.

புஷ்பம் கிராபிக்ஸ் கேள்விப்பட்டதில்லயா? ஓ, நீ ஹாஸ்டல்ல தங்கி வேல பாக்குற புள்ள, உனக்கு எங்க தெரியும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் நான்தான் டிசைன் பண்ணிக் குடுப்பேன். வீட்டுலயே வச்சு. அச்சாபீஸ்காரங்க வாசல்ல வந்து நிப்பாங்க. ஒரு வீட்டுக்கு ஒரு தடவ பத்திரிகை போட்டுட்டேன்னு வையி, அந்த வீட்டுச் சொந்தம் பூராம் எங்கிட்ட இருக்கும். யாரு பேரு மொதல்ல வரணும், யாரு பேரு கீழ போனா மண்டபத்துல கை நனைக்காம எந்திரிச்சுப் போவாரு, அம்புட்டும் எனக்கு அத்துபடி. அக்காளுக்குப் போட்ட ஃபைலத் தெறந்து தங்கச்சி பேர மாத்துனாப் போதும், வேல முடிஞ்சுது. இருவது வருஷத்துச் சேமிப்பு. எல்லாம் இந்த டிஸ்க்குலதான்.

இப்படி இருக்கையில என் மகன் கதிரேசனுக்குப் பொண்ணு எடுத்தோம். செண்பகவல்லி. கோவில்பட்டிப் பொண்ணு, அந்த ஊரு அம்மன் பேர விட்டா வேற என்ன பேரு வைப்பாங்க. கம்ப்யூட்டர் படிச்சவ. கட்டிலு, பீரோ, மிக்ஸி, கிரைண்டரோட சீரா ஒரு கம்ப்யூட்டரும் வந்து எறங்குச்சு. எனக்கு அம்புட்டு சந்தோசம். மகன் காலண்டர் ஆர்டர் எடுக்க ஊர் ஊராச் சுத்துறவன், மாசத்துல பாதி நாளு வீட்டுல இருக்க மாட்டான். நம்ம தொழிலுக்கு வீட்டுலயே ஒரு ஆளு கெடச்சுதுன்னு நெனச்சேன்.

அவ கம்ப்யூட்டர் மாடியில, என்னோடது கீழ. வந்த மாசமே அவ சொன்னா, "அத்தே, ரெண்டையும் ஒரு வயரு போட்டு இணைச்சிருவோம். நீங்க மாடிப்படி ஏறி எறங்க வேண்டாம். உங்க ஃபோல்டர நான் பாக்கலாம், எம் ஃபோல்டர நீங்க பாக்கலாம்." சரின்னுட்டேன். நீல வயரு, மாடி ஜன்னல் வழியா எறங்கி, படிக்கட்டுக் கம்பியச் சுத்தி, என் மேசைக்கு வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு மறுநாளே அதுல துண்டக் காயப் போட்டாரு, அது வேற விஷயம்.

அவ ஃபோல்டரத் தெறந்து விட்டா. நான் பாத்தேன். நல்லா இருந்துச்சு. அவ மேல என்ன வேல செஞ்சாலும் எனக்குக் கீழ தெரியும். ஒரு கமா விட்டுப் போனாக்கூட இங்கிருந்தே சரி பண்ணிருவேன். அவகிட்டச் சொல்லக்கூட வேண்டாம். என்னோடத நான் தெறந்து விடல. என்ன தாயி அப்படிப் பாக்குற? இருவது வருஷ உழைப்பு! சின்னப் புள்ள, கை தவறி அழிச்சிட்டான்னா? வீட்டுக்குப் பெரியவ நான் அவளோடதப் பாக்கணும், அதுல ஞாயம் இருக்கு. அவ என்னோடதப் பாத்து என்ன செய்யப் போறா? கேட்டா ஒரு ஃபைலக் குடுப்பேன். கேக்காம எடுக்குறது எதுக்கு?

ரெண்டு மூணு தடவ கேட்டா. அப்புறம் கேக்கல. நல்ல புள்ளதான், அதச் சொல்லணும். குரல் ஒசத்திப் பேச மாட்டா. அதுதான் எனக்கு எரிச்சலே. சண்டைன்னு போட்டா நாமளும் நாலு வார்த்த சொல்லித் தீத்துக்கலாம். வாயத் தெறக்காம நின்னா என்ன செய்ய?

இந்த சாத்தூர்ல பஸ்ஸு நின்னா வெள்ளரிக்கா வரும், வாங்கிக்க. நான் கைய எடுக்க முடியாது. இத வச்சிருக்கேன்ல.

சரி, விஷயத்துக்கு வாறேன். போன ஆவணியில அவ சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் வச்சாங்க. பத்திரிகை நம்மகிட்டத்தான். செண்பாவுக்கு அப்பா கெடையாது தாயி, அவ ஸ்கூலு படிக்கும்போதே தவறிட்டாரு. பெரியப்பாதான் எல்லாம். சங்கரபாண்டியன்னு பேரு, பருத்திக் கமிஷன் கடை வச்சிருந்தவரு. படிக்க வச்சது, எங்க வீட்டுல கட்டிக் குடுத்தது, மணவறையில அப்பா இடத்துல நின்னு தாரை வாத்தது, எல்லாம் அவருதான். அந்தக் குடும்பத்துக்கே மூத்தவரு. அதனால பத்திரிகையில மொதப் பேரு அவரு பேருதான்.

மொத வரைவு நான் அடிச்சேன். வேற ஒரு குடும்பத்து ஃபைலத் தெறந்து, பேர மட்டும் மாத்திக்கிட்டே வந்தேன். அந்த ஃபைலுல மொதப் பேரு எறந்துபோன தாத்தா பேரு. அதனால முன்னால 'தெய்வத்திரு'ன்னு இருந்துச்சு. நான் பேர மாத்துனேன். தெய்வத்திரு அப்படியே நின்னுருச்சு.

சிரிக்காத. வரைவுல தப்பு வரத்தான் செய்யும், அதுக்குத்தான வரைவு. அத அவ ஃபோல்டருல போட்டு வச்சேன், பாத்துக்கன்னு. பாக்க வேண்டியது அவ பொறுப்பு. அவ ஊரு, அவ சனம். அவ என்ன சொல்றான்னா, பாத்தேன், தெய்வத்திருவ எடுத்துட்டு சேவ் பண்ணிட்டேங்குறா. எடுத்திருந்தா அது எப்படித் திரும்ப வரும்? தெய்வத்திருவுக்கு என்ன காலா மொளச்சிருக்கு?

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன். காலையிலயே நான் கீழ அந்த ஃபைலத் தெறந்து வச்சிருந்தேன். ஓரத்துல பூ வேலப்பாடு போடணும்னு. நடுவுல சமையலு, கடைக்காரன், அவருக்கு மாத்திர, இப்படியே பொழுது போயிருச்சு. சாயந்தரம் உக்காந்து பூவப் போட்டு முடிச்சு சேவ் குடுத்தேன். ஏதோ ஒரு பெட்டி வந்துச்சு, மஞ்ச முக்கோணம் போட்டு, இங்கிலீசுல ரெண்டு வரி. யெஸ்சா நோவான்னு கேட்டுச்சு. எனக்கு எந்தப் பெட்டி வந்தாலும் யெஸ்தான் தாயி. நோ குடுத்தா வேல நின்னுரும். அத வாசிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா இருவது வருஷம் தொழில் பண்ணிருக்க முடியுமா? யெஸ் குடுத்து, அச்சுக்கு அனுப்பிட்டேன்.

அப்புறமாட்டி அவ சொல்றா: "அத்தே, நீங்க காலையில தெறந்தது பழசு. நான் திருத்துனது அதுக்கு அப்புறம். இன்னொருத்தர் இத மாத்திருக்காங்க, அதுக்கு மேலயே எழுதவான்னு அது கேட்டிருக்கும். நீங்க யெஸ் குடுத்திருப்பீங்க." பாத்தியா பேச்ச? குடுத்திருப்பீங்களாம்! கூட நின்னு பாத்தவ மாதிரி!

சரி, தப்பு அச்சாயிருச்சு. அது வீட்டுக்குள்ளயே தெரிஞ்சிருந்தா கிழிச்சுப் போட்டுட்டு வேற அடிச்சிருக்கலாம். அவங்க வழக்கம் என்னன்னா, கட்டப் பிரிச்சதும் மொதப் பத்திரிகைய குலசாமிக்கு வைக்கணும். வச்சு, பூசாரி அத சாமி முன்னால உரக்க வாசிக்கணும். குடும்பமே கூடி நிக்கிது. பெரியப்பாதான் தட்ட ஏந்திக்கிட்டு நிக்கிறாரு. பூசாரி எடுத்து வாசிக்கிறாரு, "தெய்வத்திரு சங்கரபாண்டியன் அவர்கள்"னு. அந்த மனுசன் பக்கத்துலயே நிக்கிறாரு, உசுரோட!

பெரியம்மா தாலியக் கண்ணுல ஒத்திக்கிட்டு அங்கயே உக்காந்து அழுதுட்டாங்களாம். கல்யாணக் காரியம், குலசாமி சந்நிதி, வாயில வந்த மொத வார்த்த அது. கேட்டதும் நானே சாமி படத்துக்கு முன்னால போயி கன்னத்துல போட்டுக்கிட்டேன். இல்லேன்னு சொல்லல.

மறுநா பெரியப்பா நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டாரு. நல்ல வெயிலு. தண்ணி குடுத்தா குடிக்கல. பத்திரிகைய மேசையில வச்சாரு. "இது யாரு செஞ்ச வேலம்மா?"ன்னு கேட்டாரு. கோவமாக்கூடக் கேக்கல. செண்பா மாடிப்படியில நிக்கிறா. இவரு, எங்க வீட்டுக்காரரு, பேப்பருக்குள்ள தலைய விட்டுக்கிட்டாரு. பதில் சொல்ல வேண்டியது யாரு? நான்தான? சொன்னேன். "செண்பா பாத்த ஃபைலுங்க. புதுசா தொழிலுக்கு வந்தவ, பழக்கம் பத்தல. சின்னப் புள்ள, மனசுல வச்சிக்காதீங்க. அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்"னு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

எந்த மாமியா செய்வா சொல்லு? மருமக செஞ்ச தப்புக்கு மாமியா கும்பிடுறது! என் பெருந்தன்மைய அன்னைக்கு அந்தத் தெருவே பாத்துச்சு.

அவரு திரும்பி அவளப் பாத்தாரு. "நீயாம்மா?"ன்னாரு. அவ என்னையப் பாத்தா. எதுக்கு என்னையப் பாக்கணும்? நான்தான் அவளுக்காகப் பேசி முடிச்சிட்டேனே. அவரு செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. பத்திரிகைய நான் ராவோட ராவா வேற அடிச்சுக் குடுத்தேன். கல்யாணமும் நடந்துச்சு. ஆனா செண்பாகிட்ட அவரு பேசல.

பெரியப்பா வந்துட்டுப் போன அடுத்த நாளு நடந்ததக் கேளு. காலையில நான் கம்ப்யூட்டர ஆன் பண்ணி அவ ஃபோல்டரத் தெறக்குறேன். தெறக்குது. பாக்க முடியுது. ஒரு எழுத்த மாத்தி சேவ் குடுத்தா, உங்களுக்கு அனுமதி இல்லன்னு பெட்டி வருது. பாக்கலாம், தொடக் கூடாது! அப்படி செட்டிங் வச்சிருக்கா! என் வீட்டு மாடி, என் வீட்டுக் கரண்டு, எனக்கு அனுமதி இல்லையாம்! நானும் அந்தப் பெட்டியில யெஸ்ஸத் தேடுறேன், யெஸ்ஸே இல்ல தாயி. வெறும் ஓகேதான் இருக்கு. ஓகேன்னா என்ன, சரின்னு ஒத்துக்கிட்டு வாய மூடிட்டுப் போன்னு அர்த்தம்.

எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. கதிரேசன் போன்ல கூப்பிட்டப்போ சொன்னேன். "அவ செஞ்சதுல என்னம்மா தப்பு?"ன்னு கேக்குறான். பெத்த புள்ள.

இதுக்கு நடுவுல வீடியோக் கத வேற. இப்ப எல்லாரும் பத்திரிகைய வீடியோவாக் கேக்குறாங்க. செல்லுல அனுப்புறதுக்கு. பாட்டு, பூ விழுறது, மாப்பிள்ள பொண்ணு படம். செண்பா அதுல கெட்டிக்காரி. அந்த வேலையெல்லாம் என் டிஸ்க்குல ஒரு காப்பி இருக்கணும்னு கண்டிசன் போட்டேன். பெரிய வீடியோ ஒண்ண அனுப்புனா, என் டிஸ்க்கு வாங்க மாட்டேங்குது. ஃபைலு ரொம்பப் பெருசுன்னு சொல்லுது. பாதி டிஸ்க்கு காலியாக் கெடக்கு! வீடு பூரா இடம் இருக்கு, வாசல்ல நிக்கிற ஆள உள்ள விட மாட்டேங்குற மாதிரி. எனக்குச் சந்தேகம். இவதான் ஏதோ செஞ்சு வச்சிட்டு, அனுப்ப மனசில்லாம நாடகம் போடுறான்னு.

அவ பொறுமையாச் சொன்னா. "அத்தே, உங்க டிஸ்க்கு பழைய மொறையில இருக்கு. ஃபேட் தர்ட்டி டூன்னு பேரு. அது நாலு ஜிபிக்கு மேல ஒத்த ஃபைல வாங்காது. என்டிஎஃப்எஸ்னு புது மொறைக்கு மாத்தணும். ஒரே ஒரு கட்டளைதான். உள்ள இருக்குறது அப்படியே இருக்கும். யாரு தொடலாம், யாரு தொடக் கூடாதுன்னு ஒவ்வொரு ஃபைலுக்கும் வச்சிக்கலாம். இந்த மாதிரி தப்பு வராமப் பாத்துக்கலாம்."

ஃபேட்டுன்னா குண்டுதான? என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டே சொல்றா. சரி, அத விடு. பிடிக்கலன்னா பழையபடி மாத்திக்கிறலாமான்னு கேட்டேன். அதுக்குச் சொல்றா, "முடியாது அத்தே. அங்கிட்டுப் போனா போனதுதான். பழசுக்கு வரணும்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் வரணும்." கேட்டதும் எனக்குப் பகீர்ன்னுச்சு. நடுவுல கரண்டு போச்சுன்னா? சிவகாசியில எப்பக் கரண்டு போகும்னு யாருக்குத் தெரியும்? இருவது வருஷம் தாயி! மாட்டவே மாட்டேன்னுட்டேன்.

அதுக்கு அப்புறம் வீட்டுல பேச்சே இல்ல. அவ மாடியில, நான் கீழ. நடுவுல அந்த நீல வயரு மட்டும் தொங்குது. அவ முழுகாம இருந்தா, மசக்கை வேற. புளிச்சாதம் கெளறி மேல அனுப்புவேன், தட்டு கழுவி வரும், பேச்சு வராது. ஒரு நா, கதிரேசன் ஊர்ல இருந்தான், அவன் முன்னாலயே வந்து நின்னா. "அத்தே, எனக்கு டிஸ்க்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பெரியப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அது நான் இல்லன்னு. அது போதும்"னா.

நான் என்ன சொன்னேன்? முடிஞ்சு போனத ஏன் கெளறணும்னேன். தப்பா? சொல்லு. ஆறுன புண்ண யாராவது கீறுவாங்களா? நல்லதுக்குத்தான சொன்னேன்.

அந்த வாரமே கெளம்பிட்டா. ஏழாம் மாசம் வளையல் போட்டு, சீர் செஞ்சு, அதுக்கப்புறம் தாய் வீட்டுக்கு அனுப்புறதுதான் மொற. இவ அஞ்சாம் மாசமே போயிட்டா. கம்ப்யூட்டரையும் காருல ஏத்திட்டா! ஊரு என்ன நெனைக்கும்? நீல வயரு மட்டும் ஜன்னல்ல இருந்து தொங்கிட்டுக் கெடக்கு. இவரு அதுல மறுபடியும் துண்டக் காயப் போடுறாரு.

எனக்குத் தெரியும் தாயி அவ ஏன் போனான்னு. டிஸ்க்க மாத்தலங்குற கோவம். படிச்ச புள்ள, அவ சொன்னத நாம கேக்கலன்னு ஒரு ரோஷம். நான் அவள நம்பி என் ஃபோல்டரக் குடுக்கலன்னு ஒரு மனத்தாங்கல். அதுதான், வேற என்ன? இவருகிட்டச் சொன்னேன். வாழ்நாள்ல வாயத் தெறக்காத மனுசன், அன்னைக்குன்னு பாத்து, "அவ டிஸ்க்கா கேட்டா?"ங்குறாரு. மவுஸப் புடிக்கத் தெரியாது, பேச வந்துட்டாரு.

வர்ற ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. மண்டபம் சொல்லி, சமையலுக்குச் சொல்லி, வளையல்காரருக்குச் சொல்லியாச்சு. பத்திரிகை நான்தான் போட்டேன். மொதப் பேரு சங்கரபாண்டியன். ஏழு தடவ படிச்சுப் பாத்தேன், முன்னால திருதான் இருக்கு, தெய்வத்திரு இல்ல. செண்பாவோட அம்மா அத எடுத்துட்டுப் போயி அவர அழைச்சிருக்காங்க. அதுக்கு அந்த மனுசன் என்ன சொன்னாராம் தெரியுமா? "நான்தான் செத்துட்டேனேம்மா. செத்தவன் எப்படி விசேஷத்துக்கு வருவான்?"

அதக் கேட்டதுல இருந்து செண்பா சாப்பிடுறதில்லயாம். பெரியப்பா வந்து திருநீறு பூசாம மணையில உக்கார மாட்டேங்குறாளாம். வயித்துல புள்ள தாயி. என் பேரப்புள்ள. வளையல் போடாம, வாய்க்கு ருசியா அஞ்சு சாதம் கிண்டிப் போடாம, அது என்னன்னு வந்து பொறக்கும்? அதையும் இதையும் நெனச்சு எனக்குத் தூக்கமே போச்சு.

அப்பத்தான் முடிவு பண்ணேன். சரி, நாம விட்டுக் குடுப்போம்னு. டிஸ்க்க மாத்திருவோம்னு.

கரண்டு போனாத் தாங்குற பேட்டரிய முழுசா சார்ஜ் ஏத்தி வச்சேன். இருக்கன்குடி மாரியம்மனுக்குக் காசு முடிஞ்சு வச்சேன். இவரப் பக்கத்துல உக்கார வச்சேன், எதுக்கும் ஒரு ஆம்பள இருக்கட்டும்னு. அந்தக் கட்டளைய அவ சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆயிருந்துச்சு. கறுப்புத் திரையில அடிச்சேன். இந்த டிஸ்க்குக்கு இப்ப என்ன பேருன்னு கேட்டுச்சு. பேரச் சரியாச் சொன்னாத்தான் மாத்துமாம். புஷ்பம்னு அடிச்சேன். டிஸ்க்கு வேலையில இருக்கு, அடுத்த தடவ ஆன் பண்ணும்போது மாத்தவான்னு கேட்டுச்சு. யெஸ். அணைச்சுப் போட்டேன். வரி வரியா ஓடுது, எனக்கு ஒரு வரியும் புரியல. இவரு என் கையப் புடிச்சிக்கிட்டாரு. கல்யாணத்துல புடிச்சதுக்கு அப்புறம் அன்னைக்குத்தான்னு நெனைக்கிறேன். முடிஞ்சுது. தெறந்து பாத்தா ஒரு பத்திரிகை குறையல. எல்லாரும் அப்படியே இருக்காங்க.

அதோட விட்டேனா? 'எவரிஒன்'னு போட்டு, முழு அனுமதின்னு டிக் அடிச்சேன். பாக்கலாம், மாத்தலாம், அழிக்கலாம், என்னமும் செய்யலாம். என் இருவது வருஷம்! கம்ப்யூட்டர் கடைக்காரரக் கூப்பிட்டு, டிஸ்க்கக் கழட்டி, வயரு மாட்டுற டப்பாவுல போட்டு வாங்கிட்டேன். நீல வயரு கோவில்பட்டி வரைக்கும் நீளாதே. அதான் பஸ்ஸுல கொண்டு போறேன்.

இரு, போனு. செண்பாதான். இந்தா, பையக் கொஞ்சம் புடி. குலுங்காமப் புடி.

ஆங், சொல்லு செண்பா. மில்லு தாண்டிட்டோம். வந்துட்டேன்... டிஸ்க்க மாத்திட்டேன்டி! ஆமா, நானேதான். எல்லாம் பத்திரமா இருக்கு. முழு அனுமதி குடுத்துட்டேன், நீ என்ன வேணாலும் செய்யி... ஹலோ? என்னது? ... ம். ... ம். ... சரி.

வச்சிட்டா. பையக் குடு தாயி.

சந்தோசப்படுவான்னு பாத்தா, "பெரியப்பா வீட்டுக்குப் போயிட்டுத்தான அத்தே வர்றீங்க?"ன்னு கேக்குறா. டிஸ்க்கப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. பாரு தாயி, நான் டிஸ்க்கையே தெறந்து மடியில கட்டிக் கொண்டு வாறேன், அவ அந்த ஒத்த வார்த்தையவே புடிச்சிக்கிட்டு நிக்கிறா. குரல் கம்மியிருக்கு. இன்னைக்கும் சாப்பிடலன்னு நெனைக்கிறேன்.

சரி, போறேன். போக மாட்டேன்னா சொன்னேன்? பெரியப்பா வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலதான், ரெண்டு தெரு தள்ளி. போயி சொல்லிருவேன். என்ன சொல்லுவேன்னா, "அய்யா, இதுல செண்பா தப்பு ஒண்ணும் இல்ல. எல்லாம் இந்த டிஸ்க்கால வந்த வினை. ஃபேட் தர்ட்டி டூ, பழசு. இப்ப மாத்தியாச்சு. இந்தா பாருங்க, கையோட கொண்டு வந்திருக்கேன். இனிமே அந்த மாதிரி வராது." எப்படி? போதும்ல?

என்ன கேட்ட?

அந்தப் பெட்டி வந்தப்போ யெஸ் குடுத்தது யாருன்னா? நான்தான். அதான் அப்பவே சொன்னேனே, எந்தப் பெட்டி வந்தாலும் நான் யெஸ்...

ஏன் தாயி அப்படிப் பாக்குற? செண்பாவும் மாடிப்படியில நின்னு இப்படித்தான் பாத்தா.

அவரு கேப்பாரோ? "அப்ப யாரு கைம்மா?"ன்னு கேப்பாரோ? கேக்க மாட்டாரு. பெரிய மனுசன். பருத்திக் கடையில நாலு பேருக்கு ஞாயம் சொன்னவரு. ஞாயம் சொன்னவருன்னா கேக்கத்தான் செய்வாரு, இல்ல? அன்னைக்கும் அதத்தான் கேட்டாரு. தண்ணிகூடக் குடிக்காம அதத்தான் மொதல்ல கேட்டாரு.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. எந்திரி, எந்திரி, வழி விடு. ஏப்பா டிரைவரு, மெல்ல நிறுத்துப்பா. இல்ல தாயி, ஆட்டோ வேண்டாம், நடந்தே போயிருவேன். நீ உன் சோலியப் பாரு. இம்புட்டு தூரம் பேச்சுத் தொணைக்கு வந்தது போதும். இரு, ஒரு நிமிஷம் இரு. உனக்கு இந்தப் பக்கம் தெரிஞ்ச கடை எதுவும் இருக்கா? நம்பி ஒரு பொருள வச்சிட்டுப் போற மாதிரி? இத எங்கயாவது வைக்கணும் தாயி. இதக் கையில புடிச்சிக்கிட்டு எப்படிக் கும்பிடுறது?